பேட்டுக்குக் கட்டிங் போடுகிறவனிடம் சில கேள்விகள்

ஞாயிறு காலை ஆட்டம் முடிந்து டீ வரும் நேரத்தில் நான் ரொம்பப் பேசுகிறேன் என்று புகார். "பேசுறதை எழுதிக் குடுங்க சார்" என்று ஆளாளுக்குச் சீட்டில் கேள்வி எழுதி நீட்டிவிட்டார்கள். இருபது வருடமாக வேலூரில் டென்னிஸ் பேட்டுக்குக் கட்டிங் போடுகிறேன். டாஸ்மாக் கட்டிங் இல்லை, நரம்பு கட்டுவது. என் தகுதி அவ்வளவுதான்.

சத்துவாச்சாரியிலிருந்து: அல்காரஸ், சின்னர் ரெண்டு பேரே எல்லாக் கோப்பையையும் தூக்கினால் போரடிக்காதா?

வருடத்துக்கு நாலே நாலு பெரிய போட்டி, அதுதான் கிராண்ட்ஸ்லாம். 2024, 2025 இரண்டு வருடத்தில் எட்டு, ஆளுக்கு நாலு. சரி, புதுசா என்ன? 2005 பிரெஞ்சு ஓபனில் ஆரம்பித்து 2007 முடியும் வரை பதினோரு கிராண்ட்ஸ்லாம் நடந்தது. ஃபெடரர், நடால் தவிர வேறு யாருக்கும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதைத்தான் இன்று பொற்காலம் என்கிறோம்.

2025 பாரிஸ் ஃபைனலை நினைத்துப் பாருங்கள். நாலாவது செட்டில் 3-5, சர்வ் அல்காரஸ் கையில், ஸ்கோர் 0-40. சின்னருக்கு மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட், அதில் ஒன்றை எடுத்தால் கோப்பை. மூன்றும் போச்சு. 5 மணி 29 நிமிடம் ஓடி, நம்மூர் நேரம் நள்ளிரவு தாண்டித்தான் முடிந்தது, ஜெயித்தது அல்காரஸ். தோசை ஆறி அட்டையாகிவிட்டது, எழுந்து போக மனசு வரவில்லை. இரண்டு பேர் ஜெயிப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. மீதி நூறு பேரும் ஒரே மாதிரி ஆடுகிறார்களே, அதில்தான் வருத்தம்.

காட்பாடியிலிருந்து: சர்வ் போட்டுவிட்டு நெட்டுக்கு ஓடுகிற ஆட்டம் எங்கே சார் போச்சு?

இதற்காகத்தான் காத்திருந்தேன். பாதிப் பழி புல்லுக்கு, பாதி நரம்புக்கு.

விம்பிள்டனில் 2001லிருந்து முழுக்க ரை புல் மட்டும்தான். அதற்கு முன் இன்னொரு வகைப் புல்லும் கலந்திருக்கும், பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாகப் போகும். இப்போது தரை கெட்டி, பந்து நிமிர்ந்து எழும்புகிறது. அடுத்த வருடமே ஃபைனலில் ஹெவிட்டும் நல்பாண்டியனும், இரண்டு பேருமே பின்கோட்டு ஆட்டக்காரர்கள்.

நரம்பு கதை 1997இல் ஆரம்பம். தரவரிசையில் 66ஆவது இடத்திலிருந்த குயர்ட்டன் பாலியஸ்டர் நரம்போடு வந்து பிரெஞ்சு ஓபனையே அடித்துக்கொண்டு போனார். பாலியஸ்டர் வழவழப்பானது. பந்து பட்டதும் பேட்டில் நெடுக்காக ஓடும் நரம்பு விலகிச் சட்டென்று தன் இடத்துக்கே திரும்பும். அந்தத் திரும்பலில்தான் பந்து சுழல்கிறது. முழு பலத்தில் அடித்தாலும் கோட்டுக்குள் குத்திட்டு இறங்கும். நெட்டுக்கு ஓடி வருகிறவனின் காலடியில் அந்தப் பந்து விழுந்தால் அவன் என்ன செய்வான்? நாலு தடவை குனிந்து பார்ப்பான், ஐந்தாவது தடவை பின்னாடியே நின்றுகொள்வான். அல்காரஸை எனக்குப் பிடிப்பதற்குக் காரணமே இதுதான். அதே நரம்பு யுகத்தில் பிறந்தவன் ட்ராப் போடுகிறான், நெட்டுக்கு வருகிறான், சிரிக்கிறான்.

ராணிப்பேட்டை, பிளஸ் ஒன் மாணவர்: நானும் அதே பாலியஸ்டர் போடலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. போன மாதம் உன் வயசுப் பையன் ஒருவன் அதைத்தான் 58 பவுண்டில் இழுத்துக் கட்டச் சொன்னான். மூன்றே வாரம். முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவன் அம்மாவோடு கடைக்கு வந்து நின்றான். திட்டு எனக்கு. நைலான் போடு, 50க்குள் கட்டு. மாசம் இரண்டு நரம்பு அறுக்கிற அளவுக்கு அடிக்க ஆரம்பித்ததும் வா, பேசலாம்.

ஆற்காட்டிலிருந்து: சின்னர் ஊக்கமருந்து விஷயத்தில் தப்பித்துவிட்டார்தானே?

வேண்டுமென்றே செய்தார் என்று நான் நம்பவில்லை, கிடைத்தது துளியூண்டு. ஆனால் 2025 பிப்ரவரி 9 முதல் மே 4 வரை மூன்று மாதத் தடை, ஒரு கிராண்ட்ஸ்லாம்கூடத் தவறவில்லை. 300ஆவது இடத்துக்காரனுக்கு அப்படி வக்கீல் வைக்கக் காசு இருக்குமா என்றுதான் கேட்கிறேன்.

திருவண்ணாமலையிலிருந்து: ஜோகோவிச் ஓய்வு பெற வேண்டாமா?

2025இல் நாலு கிராண்ட்ஸ்லாமிலும் அரையிறுதி. அந்த வருட மே மாதமே 38 முடிந்தாச்சு. அவரைப் பொடியன்கள் வீட்டுக்கு அனுப்பட்டும், நாம் ஏன்?

குடியாத்தத்திலிருந்து: நம்மூர்க்காரர் ஒருவர் மேலே வரவே மாட்டாரா?

வந்திருக்கிறார்களே. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961இல் விம்பிள்டன் அரையிறுதி. விஜய் அமிர்தராஜ் 1973, 1981இல் காலிறுதி. இன்றைக்குப் பிரச்சனை திறமை இல்லை, விமான டிக்கெட். சுமித் நாகல் இந்தியாவின் நம்பர் ஒன்னாக இருந்த 2023இலேயே வங்கியில் 900 யூரோதான் இருக்கிறது என்று சொன்னார். சின்னச் சின்னப் போட்டிக்காக ஊர் ஊராகச் சொந்தக் காசில் சுற்ற வேண்டும், தரவரிசை பாயிண்ட் அங்கேதான்.

அதனால்தான் சென்னை ஓபன் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. 1997இலிருந்து 2017 வரை நுங்கம்பாக்கத்தில் நடந்தது, அப்புறம் புனேவுக்குப் போய்விட்டது. 2008 அரையிறுதிக்குக் காட்பாடியில் ரயிலேறிப் போயிருந்தேன். நடாலும் மோயாவும். கிட்டத்தட்ட நாலு மணி நேரம், மூன்று செட்டுமே டைபிரேக்கர். நடால் சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வந்திருக்கும். வெளியே வந்தபோது வண்டி போய்விட்டது, கோயம்பேட்டில் பஸ் பிடித்து விடியற்காலை வந்து சேர்ந்தேன். ஜெயித்தது நடால், ஆனால் மறுநாள் ஃபைனலில் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார் மனுஷன். காலே எழும்பவில்லை. நம்ம பையன்களுக்கு உள்ளூரிலேயே வைல்டு கார்டு, அதாவது தரவரிசை பார்க்காமல் நேரடி வாய்ப்பு, கிடைத்த இடம் அது. பஸ் காசில் போய் நடாலைப் பார்த்த இடமும் அதுதான்.

சீட்டின் பின்பக்கத்தில், பெயர் ஊர் இல்லாமல்: பழைய பந்து இருந்தா கிரிக்கெட்டுக்குத் தருவீங்களா அண்ணே?

பன்னிரண்டு பந்து எடுத்து வைத்திருக்கிறேன், திங்கள் சாயங்காலம் கடைக்கு வா. போன தடவை உடைந்த கண்ணாடிக்கு யார் காசு தருவது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளலாம்.