வயதான பூனையின் வளைந்த நகமும் பழுப்பு அழுக்கும்

வணக்கம். உங்கள் 12 வயதுப் பூனையின் முன்கால் பெருவிரல் நகம் தடித்து உள்நோக்கி வளைவதாகவும், நகங்களின் அடியில் பழுப்பு அழுக்கு சேர்வதாகவும் எழுதியிருந்தீர்கள். வயதான பூனைகள் பிறாண்டுவதைக் குறைத்துக்கொள்வதால் நகத்தின் பழைய மேலுறை உதிராமல் தங்கிவிடுகிறது; அதிலும் பெருவிரல் நகம் தரையைத் தொடாததால் தேயாமல் வளைந்து, கவனிக்காவிட்டால் பாதத்தின் மெத்தைப் பகுதிக்குள் குத்தி இறங்கிவிடும். ஏற்கெனவே குத்தியிருந்தால் நீங்களே வெட்டாமல் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுசெல்லுங்கள். இல்லையெனில், விரலை மெல்ல அழுத்தி நகத்தை வெளிக்கொணர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் இரத்தநாளத்துக்கு 2 மில்லிமீட்டர் முன்பாகவே நுனியை நறுக்குங்கள். அழுக்கை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஈரம் போக ஒற்றியெடுத்தால் போதும். பீனால் கலந்த கிருமிநாசினியைத் தயவுசெய்து தொடாதீர்கள், பாதத்தை நக்கும் பூனைக்கு அது நஞ்சு. அந்தப் பழுப்பு அழுக்கு பிசுபிசுப்பாகத் திரும்பத் திரும்ப வந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும் என்பதால், அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.