நிஞ்சா 650-ஐக் கொடுத்துவிட்டு குரூஸர் வாங்கினால் நீண்ட பயணம் சுகமாக இருக்குமா?

மாறலாம். ஆனால் குரூஸரில் (தாழ்ந்த சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி ஓட்டும் பைக்) ஏறி உட்கார்ந்ததுமே உடம்பு வலியெல்லாம் பறந்துவிடும் என்று நம்பி மாறாதீர்கள். இப்போது மணிக்கட்டில் இருக்கும் பாரம் இடுப்புக்கும் முதுகுத்தண்டின் அடிக்கும் இறங்கும். நீங்கள் ஓட்டும் சாலைக்கும் வேகத்துக்கும் அது ஒத்துவருமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மனைவியோடு கோத்தா பாருவுக்கும் தாய்லாந்தின் பெத்தோங்குக்கும் போக ஆசை, ஸ்போர்ட்ஸ் பைக்கான நிஞ்சாவில் மணிக்கட்டும் கழுத்தும் வலிக்கிறது, அதே கவாஸாகியின் குரூஸரான வல்கன் எஸ் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் நிஞ்சா 650-இலிருந்து வல்கன் எஸ்-க்கு மாறியவன். இருப்பது மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில். ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், மறுபக்கம் மலை; இரண்டுக்கும் நடுவில் ஓட்டிப் பழகியதை வைத்துச் சொல்கிறேன்.

இரண்டு வண்டிக்கும் எஞ்சின் ஒரே குடும்பம்: 649 சிசி, இரட்டை சிலிண்டர். நிஞ்சாவில் 68 குதிரைத்திறன். வல்கனில் அதையே கீழ் வேகத்தில் நன்றாக இழுக்கும்படி மாற்றி 61 ஆக்கியிருக்கிறார்கள். சாலை வரி சிசியைப் பொறுத்தது என்பதால் அதில் மாற்றமில்லை, லைசென்ஸும் பெரிய பைக்குகளுக்கான அதே பி ஃபுல். எஞ்சினைச் சுற்றியிருப்பதுதான் வேறு. சீட் உயரம் 790 மில்லிமீட்டரிலிருந்து 705-க்கு இறங்குகிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரம் 1410-லிருந்து 1575 மில்லிமீட்டராக நீள்கிறது. எடை சுமார் 35 கிலோ கூடுகிறது. பின் சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசையும் அளவு 130 மில்லிமீட்டரிலிருந்து 80-க்குக் குறைகிறது. விளம்பரத்தில் யாரும் பெரிதாகப் போடாத இந்தக் கடைசி எண்தான் உங்கள் முதுகுக்கு முக்கியம்.

ஸ்போர்ட்ஸ் பைக்கில் நாம் முன்னால் சாய்ந்து, காலைப் பின்னால் மடக்கி உட்காருகிறோம். குழி வந்தால் பெக்கில் (கால் வைக்கும் கட்டை) காலை ஊன்றி உடம்பை ஒரு விரற்கடை தூக்கினால் போதும், அடியை முழங்கால் வாங்கிக்கொள்ளும். குரூஸரில் கால் முன்னால் நீட்டியிருப்பதால் அப்படி எழ முடியாது. முதுகு நிமிர்ந்திருக்கிறது, உடம்பின் மொத்தப் பாரமும் சீட்டின் மேல். லோரி ஓடி ஓடி உடைந்த தோட்டப் பாதையில் ஒரு குழியில் இறங்கினால், அந்த அடி நேராக முதுகுத்தண்டில் ஏறும். எங்கள் ஊர் பட்டறை அண்ணன் வண்டியைப் பார்த்ததும் சொன்னது இது: "தம்பி, இதுல குழியைப் பார்த்துட்டு எந்திரிக்க முடியாது. முன்னாடியே கியரைக் கொறைச்சு வேகத்தைக் கொறைச்சுக்கணும்." அன்றிலிருந்து சாலையை இன்னும் தூரமாகப் பார்த்து ஓட்டுகிறேன்.

அடுத்தது காற்று. நிஞ்சாவில் நெடுஞ்சாலையில் 110-இல் போகும்போது, காற்று நெஞ்சைத் தாங்கிப் பிடிப்பதால் மணிக்கட்டின் பாரம் குறையும். கவனித்திருப்பீர்கள், மணிக்கட்டு அதிகம் வலிப்பது பட்டணத்து நெரிசலில் 30, 40-இல் ஊர்ந்து போகும்போதுதான். குரூஸரில் இது தலைகீழ். மெதுவாகப் போகும்போது சிம்மாசனம். 100-ஐத் தாண்டினால் நெஞ்சு காற்றுக்கு நேரே நிற்கும். பின்னால் தள்ளப்படாமல் இருக்க ஹேண்டில்பாரை இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டே போவீர்கள். தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். முன்கண்ணாடி போட்டால் சரியாகும், ஆனால் அதன் உயரம் முக்கியம். மேல் விளிம்பு உங்கள் மூக்கு மட்டத்துக்கு வர வேண்டும். கண் அதற்கு மேலே பார்க்க வேண்டும். அதைவிடக் குட்டையாக இருந்தால் கலைந்த காற்று ஹெல்மெட்டில் மோதித் தலையை உதறும். உயரமாக இருந்தால் மழையில் கண்ணாடி வழியாகப் பார்க்க நேரிடும், இரவில் அது ஆபத்து.

வளைவுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் போக நினைப்பது மலைப்பாதை. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலை அகலமானது, வளைவுகளும் பெரியவை. குரூஸர் அதில் ஓடும் அழகே தனி. எஞ்சின் கீழ் வேகத்தில் இழுப்பதால் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை, வண்டியும் ஆடாமல் போகும். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக ஏறும் பழைய சாலை வேறு மாதிரி: குறுகல், கொண்டை ஊசி வளைவுகள், எதிரே காய்கறி லோரி. அங்கே நிஞ்சா போலச் சாய்த்தால் பெக்கின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கம்பி "கர்ர்" என்று சாலையில் உராயும். சாய்வு முடிந்தது, இதற்கு மேல் வேண்டாம் என்று வண்டி சொல்வது அது. அந்தச் சத்தம் கேட்டதும் பதறி பிரேக்கைப் பிடிக்காதீர்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டால் அது கேட்கவே கேட்காது. இன்னொன்று, நீளமான வண்டி சட்டென்று திரும்பாது. இடது பக்கம் திரும்ப இடது கைப்பிடியை முன்னால் தள்ளும் பழக்கம் நிஞ்சாவில் உங்களுக்கு வந்திருக்கும், அதையே இதில் கொஞ்சம் அழுத்தமாகச் செய்ய வேண்டும்.

இதை எங்கள் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழம் ஏற்றிய லோரி தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டில் ஏறும் சந்திப்பில் செம்பனை உதிரிப் பழங்கள் கொட்டிக் கிடக்கும். டயர் ஏறி நசுங்கினால் எண்ணெய் கசிந்து சாலை வழுக்கும். நிஞ்சாவில் கடைசி நொடியில்கூட வெட்டி ஒதுங்கலாம். வல்கனில் அதைத் தூரத்திலேயே பார்த்திருக்க வேண்டும்.

பின்னால் உட்காருபவரைப் பற்றி. எனக்கு வண்டி மாற்றியதில் பெரிய நிறைவு இதில்தான். நிஞ்சாவின் பின் சீட் உயரத்தில் இருப்பதால் ஒவ்வொரு பிரேக்குக்கும் என் மனைவி என் முதுகில் சரிந்து விழுவார். கோலகங்சார் தாண்டும் முன்பே "எங்கயாச்சும் நிறுத்துங்களேன்" என்பார். வல்கனில் கம்பெனி கொடுக்கும் பின் சீட் சின்னது, அதை நம்பி நீண்ட பயணம் கிளம்பாதீர்கள். அகலமான சீட்டும் முதுகு சாய்மானமும் போட்ட பிறகு லெங்கோங் வரை பேசிக்கொண்டே வருகிறார். இருவர் உட்கார்ந்தால் பின் ஸ்பிரிங்கை இறுக்கவும் மறக்கக் கூடாது. 7 படிகள் உண்டு, கொக்கிச் சாவியால் இறுக்கலாம். இறுக்காமல் போனால் அந்த 80 மில்லிமீட்டரில் பாதி உட்காரும்போதே தீர்ந்துவிடும்.

கோத்தா பாருவுக்குக் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை வழியாகத்தானே போவீர்கள்? கிரிக்கிலிருந்து ஜெலி வரை சுமார் 120 கிலோமீட்டர், பெரும்பகுதி காடு. யானை கடக்கும் இடம் என்ற பலகைகள் சும்மா வைத்தவை அல்ல. டேங்க் 14 லிட்டர். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் 280 வரை தாங்கும். ஆனாலும் கிரிக்கில் நிரப்பாமல் மேலே ஏறாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே காட்டைத் தாண்டிவிடுங்கள்.

ஜொகூர் வரை வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையிலேயே நாள் முழுக்க ஓட்டுபவர் நீங்கள் என்றால், குரூஸர் வேண்டாம் என்பேன். அதே எஞ்சினில் வெர்சிஸ் 650 இருக்கிறது. நிமிர்ந்து உட்காரலாம், காலும் உடம்புக்கு நேர் கீழே இருக்கும், குழியில் எழுந்து நிற்கலாம், டேங்க் 21 லிட்டர். சீட் உயரம் சுமார் 840 மில்லிமீட்டர் என்பதுதான் தடை. கால் எட்டாதவர் மனைவியை ஏற்றிக்கொண்டு சரளைக் கல்லில் நிறுத்தும்போது சிரமப்படுவார். கூட்டரசு சாலைகளில் 80, 90-இல் நிதானமாக, நினைத்த இடத்தில் நிறுத்தி தே தாரிக் குடித்துப் போவதுதான் உங்கள் பயணம் என்றால், தயங்காமல் வல்கன் எடுங்கள்.

கடையில் ஓட்டிப் பார்க்கும் முன் பெக்கை உங்கள் கால் நீளத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் 25 மில்லிமீட்டர் நகரும். அடுத்த தெரு வரை போய்த் திரும்புவதில் ஒன்றும் தெரியாது. தெரிந்தவரிடம் ஒரு வண்டி இருந்தால் கேட்டு வாங்கி, மனைவியையும் ஏற்றிக்கொண்டு, உடைந்த சாலையிலும் நெடுஞ்சாலையிலுமாக ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். நிஞ்சாவை அதற்குப் பிறகு விற்றால் போதும்.