தலை வலிக்கவில்லையே, எனக்கு எப்படி பிரஷர்?

கேள்வி: வயது 46. தலைவலி, மயக்கம் எதுவுமே இல்லை. ஆனால் டாக்டர் 150/94 என்கிறார். வீட்டு மெஷினில் ஒருமுறை 128, அடுத்த முறை 146 காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: தலைவலியை வைத்து பிரஷரைக் கணிக்கவே முடியாது. பெரும்பாலானவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் எந்த அறிகுறியும் காட்டாது. தெரியவரும்போது இதயத்தின் சுவர் தடித்திருக்கலாம், சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்திருக்கலாம். “நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் இதனால்தான்.

மெஷின் மாற்றி மாற்றிக் காட்டினால், பழுது பெரும்பாலும் மெஷினில் இருக்காது. நாம் உட்காரும் விதத்தில் இருக்கும். கை இதயத்தின் மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே தொங்கினாலே 7, 8 பாயின்ட் கூடுதலாகக் காட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும், கால் மேல் கால் போட்டாலும், நடுவில் பேசினாலும் ஏறும். பருமனான கைக்கு மெஷினின் சிறிய பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷர்கூட வந்துவிடும். பட்டைக்குள் காற்று நிரம்பும் பை கையின் சுற்றளவில் சுமார் 80 சதவீதத்தை மூட வேண்டும். மணிக்கட்டு மெஷினைவிட மேல்கை மெஷினே நம்பகமானது.

காபி, சிகரெட், உடற்பயிற்சி முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் பதித்து 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். சட்டைக் கைக்கு மேல் சுற்றாதீர்கள். வெறும் தோலில், முழங்கை மடிப்புக்கு 2, 3 செ.மீ. மேலே பட்டையின் கீழ் விளிம்பு இருக்க வேண்டும். கையை மேஜை மேல் வையுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். இப்படிக் காலையும் மாலையும் 7 நாள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் பிரஷர் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். இவற்றைக் குறித்த தாளோடு டாக்டரிடம் போங்கள். மருந்து வேண்டுமா என்று அவர் முடிவு செய்ய அதுதான் உதவும். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல் இருந்தால் மட்டும் சராசரி பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மருத்துவமனை.

கேள்வி: சளி பச்சையாகிவிட்டது. ஆன்டிபயாடிக் போட்டே ஆக வேண்டுமாமே?

பதில்: வேண்டாம். நோயை எதிர்க்கப் போகும் வெள்ளை அணுக்களில் இரும்புச்சத்துள்ள ஒரு நொதி இருக்கிறது. பச்சை நிறம் அதனுடையது. வைரஸ் சளியிலும் அது வரும். வைரஸிடம் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. “போட்ட மூன்றாம் நாளே சரியாகிவிட்டது” என்பார்கள். ஐந்தாம் நாள் மாத்திரை ஆரம்பித்தால் மூன்று நாளில் எட்டாம் நாள் வந்துவிடுகிறது. சளி தானாகவே போகிற நாள் அது. பெயர் மட்டும் மாத்திரைக்கு! 10 நாளாகியும் குறையாவிட்டாலோ, குறைந்து மறுபடி கூடினாலோ, கடும் காய்ச்சலோ மூச்சுத் திணறலோ இருந்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: பாராசிட்டமால் சாதுவான மாத்திரைதானே? ஜலதோஷ மாத்திரையோடு சேர்த்துப் போடலாமா?

பதில்: அளவோடு இருக்கும்வரை சாதுதான். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சவரம்பு. 650 மி.கி. மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம். பல ஜலதோஷக் கூட்டு மாத்திரைகளுக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், படியுங்கள். இரண்டிலும் இருந்தால் ஒன்றை விடுங்கள். அளவு மீறினால் கெடுவது கல்லீரல். முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் போகலாம் என்பதுதான் ஆபத்து. அதிகமாகப் போட்டது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். எடை குறைந்தவர்கள், மது அருந்துபவர்கள், கல்லீரல் நோயாளிகளுக்கு வரம்பு இன்னும் குறைவு. டாக்டரைக் கேட்டுவிட்டே போடுங்கள்.

கேள்வி: சுட்ட இடத்தில் டூத்பேஸ்ட் தடவலாமா, ஐஸ் வைக்கலாமா?

பதில்: இரண்டும் கூடாது. பேஸ்ட் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். பிறகு அதைச் சுரண்டி எடுப்பது இன்னொரு வேதனை. ஐஸ் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, வெந்த தோலை மேலும் கெடுக்கும். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் முழுதாக 20 நிமிடம் காட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் அடங்கினாலும் எடுத்துவிடாதீர்கள். ஆழத்தில் சூடு இன்னும் இருக்கும். சுட்டு 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பலன் உண்டு. கொப்புளத்தை உடைக்க வேண்டாம். முகம், கை, மூட்டு என்றாலோ, சுட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிதானாலோ மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: சொடக்கு எடுத்தால் மூட்டுவாதம் வருமா?

பதில்: வராது. மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியின் சத்தம் அது. டொனால்டு அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கையில் மட்டும் சொடக்கு எடுத்துப் பார்த்தார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை. 2009-இல், சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் ‘இக் நோபல்’ என்ற வேடிக்கைப் பரிசு வாங்கியதுதான் மிச்சம். சொடக்கோடு வலியோ வீக்கமோ இருந்தால் மட்டும் காட்டுங்கள்.