மனோரமாவை எண்ணிக்கையால் அளக்காதீர்கள்

கேள்வி: ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தார் என்பதைத் தவிர, நடிகை மனோரமாவிடம் அப்படி என்ன தனிச்சிறப்பு?

கேள்வியில் ஒரு சீண்டல் இருக்கிறது. இருந்தாலும் நியாயமான கேள்விதான். 1985-இல் ஆயிரம் படங்களைக் கடந்ததற்காகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார், ஐந்து முதல்வர்களுடன் நடித்தார் என்று இரண்டு செய்திகளைச் சொல்லியே அவரைப் பாராட்டி முடித்துவிடுகிறோம். அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். என்ற அந்த ஐவர் பட்டியல் பள்ளிக்கூட வினாடி வினாவில் கூட வருகிறது. ஆனால் அவர் எப்படி நடித்தார் என்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? எனக்கு இதில் நீண்ட நாள் ஆதங்கம் உண்டு.

பிறந்த ஊர் மன்னார்குடி, ஆண்டு 1937, இயற்பெயர் கோபிசாந்தா. தந்தை கைவிட்டதால் கைக்குழந்தையோடு தாய் ராமாமிர்தம் காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்து, வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். 'ஆச்சி' என்று பின்னாளில் தமிழ்நாடே அழைத்ததற்கு அந்தச் செட்டிநாட்டு வளர்ப்புதான் காரணம். படிப்பு பாதியில் நின்றது. பன்னிரண்டு வயதில் நாடக மேடை ஏறினார். மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் சூட்டியதுதான். பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழு, அங்கிருந்து சினிமா.

இந்த நாடகப் பின்னணியை வெறும் வாழ்க்கைக் குறிப்பாகக் கடந்து போகக் கூடாது. ஒலிபெருக்கி சரியாக இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் வசனம் போய்ச் சேர வேண்டும், பாடவும் வேண்டும், ஆடவும் வேண்டும், சக நடிகர் வசனத்தை மறந்தால் சமாளிக்கவும் வேண்டும். அந்தப் பயிற்சி பெற்ற குரல் அவருடையது. படங்களில் பல பாடல்களைச் சொந்தக் குரலிலேயே பாடினார். 1968-இல் வந்த 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைத் தமிழில் 'வா வாத்யாரே' என்று அவர் பாடியது இன்றும் எங்காவது ஒலித்துக்கொண்டிருக்கிறது. தஞ்சை மண்ணில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்த பெண், சைதாப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர் போல அந்தப் பேச்சைப் பிடித்திருக்கிறார். 1992-இல் 'சின்னக் கவுண்டர்' படத்துக்காகப் பல்லைத் துருத்திக்கொண்டு கொங்குத் தமிழ் பேசும் தாயானார். அதே வாய், அதே நாக்கு. ஆனால் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மூச்சு விடும் இடமே மாறுகிறது. காது கூர்மையாக இருந்தால் ஒழிய இது வாய்க்காது.

திரைக்கு அவரைக் கொண்டுவந்தவர் கண்ணதாசன். 1958-இல் அவர் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் நகைச்சுவை வேடம். கதாநாயகி ஆக ஆசைப்பட்ட பெண்ணிடம், கதாநாயகிகள் சில ஆண்டுகளில் காணாமல் போவார்கள், நகைச்சுவையில் நின்றால் நிலைத்து நிற்கலாம் என்று கவிஞர் சொன்னதாக மனோரமாவே பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் நாயகியாகவும் நடித்துப் பார்த்தார். அந்தப் பாதை நீளவில்லை. சொந்த வாழ்க்கையும் அந்த ஆண்டுகளில் நொறுங்கியது. 1964-இல் திருமணம், ஒரு மகன், இரண்டே ஆண்டில் மணமுறிவு. அதற்குப் பிறகு அம்மாவும் மகனும் வேலையும்தான் அவர் உலகம்.

அன்றைய தமிழ்ப் படத்தில் நகைச்சுவை நடிகையின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். என்.எஸ்.கிருஷ்ணனுக்கு மதுரம், தங்கவேலுவுக்கு எம்.சரோஜா என்று ஜோடியாகவே அவர்கள் அறியப்பட்டார்கள். நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எழுதித் தனியாக எடுத்துக் கதையில் ஒட்டுவது அப்போது சாதாரணம். அதில் ஆண் சிரிக்க வைப்பார், பெண் எடுத்துக்கொடுப்பார். மனோரமாவும் நாகேஷுடன், சோவுடன், தேங்காய் சீனிவாசனுடன் என்று ஜோடியாகத்தான் ஓடினார். ஆயிரம் படம் என்றால் பெரும்பாலும் ஆயிரம் சின்னச் சின்னத் துண்டுகள் என்றுதான் பொருள். 'கொஞ்சும் குமரி' போன்ற அபூர்வ முயற்சிகளைத் தவிர, முழுப் படத்தையும் தாங்கும் வேடத்தை அவருக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த எண்ணிக்கையைப் பார்த்து நாம் பெருமைப்படுவதைவிட வருத்தப்படுவதே பொருத்தம் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தத் துண்டுகளுக்குள் அவர் செய்ததைப் பாருங்கள். ஏ.பி.நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்' (1968). நாடகக்காரி ஜில்ஜில் ரமாமணி. நாதஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரமாக வரும் சிவாஜியிடம், அந்த இசை அவருடைய நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று கேட்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்கும் முகத்தைக் கவனியுங்கள். கிண்டல் துளியும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பும் ஒரு பெண்ணின் முகம் அது. தொட்டதற்கெல்லாம் சீறும் சண்முகசுந்தரம் இவளிடம் மட்டும் சீறுவதில்லை என்பதை நாம் நம்புகிறோம் என்றால், அதற்கு அந்த முகம்தான் காரணம். சிரிக்க வைக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் பேசுவதுதான் அவருடைய முதல் பலம். சிவாஜி கணேசன், பத்மினி, பாலையா, நாகேஷ், நம்பியார் என்று மலை மலையாக நடிகர்கள் நிறைந்த படத்தில், சில காட்சிகளே வரும் ரமாமணி ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பெயரோடு நினைவில் இருக்கிறாள்! மேடைக்கு ஒரு பெயர், மினுக்கலான ஆடை, பிழைப்புக்காகச் சிரித்த முகம் என்று வாழும் அந்த நாடகக்காரியின் உலகம் அவர் வாழ்ந்து வந்த உலகம். அதனால்தான் அவளைக் கேலிப்பொருளாக்காமல் மரியாதையோடு நடித்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு உதாரணம், பி.வாசுவின் 'நடிகன்' (1990). பாட்டு வாத்தியாராகக் கிழவர் வேடத்தில் வரும் சத்யராஜிடம் மனதைப் பறிகொடுக்கும், கல்யாணமாகாத நடுத்தர வயதுப் பெண். இப்படிப்பட்ட வேடத்தை அசிங்கமாக்குவது மிக எளிது. பலர் அப்படித்தான் செய்திருப்பார்கள். மனோரமா அதில் நாணத்தை வைத்தார். இத்தனை வயதுக்குப் பிறகு வந்த ஆசை என்பதால் அதில் ஒரு அவசரமும் பயமும் கலந்திருக்கின்றன. நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம், ஆனாலும் இந்தப் பெண் ஏமாந்துபோகப் போகிறாளே என்ற பதைப்பு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது.

விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) வேலைக்காரி கண்ணம்மாவைச் சொல்லாமல் விட முடியாது. 'கம்முனு கெட' என்ற அதட்டல் எங்கள் வீட்டில் அம்மாவின் வாயில் பல ஆண்டுகள் குடியிருந்தது. அப்பா அரசியல் பேச ஆரம்பித்தால் உடனே வரும். ஒரு வேலைக்காரப் பாத்திரத்தின் பேச்சு, வீட்டுப் பெண்களுக்குத் தைரியமாகப் பேச ஒரு வழியைக் கொடுத்தது என்றே சொல்வேன்.

விருதுகள் தாமதமாகத்தான் வந்தன. பார்த்திபன் முதன்முதலாக இயக்கிய 'புதிய பாதை' (1989) படத்துக்காகத் துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அப்போது அவர் திரைக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பத்மஸ்ரீ 2002-இல். 2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் காலமானார்.

நீங்கள் இளையவர் என்றால், நகைச்சுவைத் துணுக்குகளாக வெட்டி இணையத்தில் போடப்படும் காட்சிகளை வைத்து அவரை மதிப்பிட வேண்டாம். அந்த வெட்டில் சிரிப்பு மட்டும்தான் மிஞ்சும். 'தில்லானா மோகனாம்பா'ளை முழுதாகப் பாருங்கள், அடுத்து 'நடிகன்', பிறகு 'சின்னக் கவுண்டர்'. அவர் பேசும் இடங்களைவிட, மற்றவர் பேசும்போது அவர் கேட்டுக்கொண்டு நிற்கும் இடங்களைக் கவனியுங்கள். கேமரா அவரை மையமாக வைக்காத நேரத்திலும் அவர் வேலை செய்துகொண்டிருப்பார்.