மேஜைய தொட்டா கத்துறான்

கேள்வி: எங்க வீடு ஒரு ஹால், ஒரு பெட்ரூம், கிச்சன் அவ்வளவுதான், மாமியாரோட சேத்து அஞ்சு பேரு. பத்தாவது படிக்கிற பையன் ஜன்னலோரம் இருக்குற மேஜைய என்னோடதுன்னு பிடிச்சுக்கிட்டான், தங்கச்சி ஒரு பேனா எடுத்தாலும் கத்துறான், நான் துடைச்சு அடுக்கி வச்சேன்னு ரெண்டு நாள் என்கூட பேசவே இல்ல. டாக்டர்கிட்ட காட்டணுமா?
- ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: நீங்க எழுதினத மட்டும் வச்சுப் பாத்தா வியாதின்னு தோணலம்மா. அந்த வீட்ல அவன் சொன்னா நடக்குற ஒரே இடம் அந்த மேஜை, அதுலயும் கேக்காம கை வச்சா கோவம் வரத்தான் செய்யும்.

இடம் பத்தலன்னா நாம உடனே சதுர அடி கணக்கு போடுவோம். 1970கள்ல அமெரிக்காவுல ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ்னு ரெண்டு பேரு காலேஜ் ஹாஸ்டல்கள்ல ஆராய்ச்சி பண்ணாங்க. ஒண்ணுல நீள வராண்டா, 30 பேருக்கு மேல பொதுவா ஒரே பாத்ரூம், ஒரே ஹால், இன்னொண்ணுல நாலஞ்சு பேருக்கு ஒரு போர்ஷன். ஆளுக்கு கிடைச்ச இடம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா வராண்டா பசங்கதான் ஒரே நெரிசல்னு புலம்புனாங்க, வேற எடத்துல காத்திருக்க சொன்னப்பக்கூட தெரியாத ஆளவிட்டு தள்ளிப்போய் உக்காந்தாங்க, முகத்தகூட சரியா பாக்கல. கதவ திறந்தா யாரு எதிர்ல வருவாங்கன்னு அவங்க கையில இல்ல, அதுதான் அவங்கள அப்படி ஆக்கிருக்கு. வயசுப் பையனுக்கு அஞ்சு பேர் நடமாடுற ஹால்லயும் அதேதான்.

அதனால மேஜைய அவன்கிட்டயே விட்டுடுங்க, தூசி இருந்தா இருக்கட்டும், எதாவது எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க, பாட்டியும்தான். தங்கச்சிக்கும் அலமாரில ஒரு தட்டு குடுங்க, அத அவனும் தொடக்கூடாது. ஆனா தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைஞ்சு, ஃபிரண்ட்ஸையும் ஒதுக்கிட்டு வாரக்கணக்கா இருந்தான்னா தள்ளிப் போடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க, இல்ல அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கு போன் பண்ணுங்க, காசு கிடையாது.

இன்னொண்ணு, எல்லாரப் பத்தியும் எழுதிருக்கீங்க, உங்களுக்குன்னு வீட்ல எந்த இடம்னு ஒரு வரிகூட இல்ல. கிச்சன்னு சொல்லிடாதீங்க, அங்கதான் எல்லாரும் வந்து போறாங்க. மொட்டை மாடியோ வாசப்படியோ, ராத்திரி அரை மணி நேரம் நான் அங்க இருப்பேன், யாரும் கூப்பிடக்கூடாதுன்னு இன்னைக்கே சொல்லி வைங்க.