வயலை ஈடு வைக்க வேண்டாம், ஐயா

சனிக்கிழமை காலை, மகளின் மேற்படிப்புக்கு என்னிடம் வழி கேட்க, நீங்களும் அம்மாவும் மகளுமாக மூவரும் வந்தீர்கள். களுவாஞ்சிகுடியில் முதல் பஸ்ஸைப் பிடித்ததாகச் சொன்னீர்கள். அம்மா கதிரையின் நுனியில் இருந்தார். மடியில் வைத்திருந்த கோப்பைத் திறக்கவே இல்லை. நீங்கள்தான் அதை வாங்கி, கொழும்புத் தனியார் நிறுவனம் ஒன்றின் கட்டணத் தாளை என் முன்னால் விரித்தீர்கள். பிரித்தானியச் சட்டப் பட்டம், மூன்று வருடம். லண்டனில் இருக்கும் உங்கள் அண்ணனின் யோசனை. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கூட்டித் தாளின் அடியில் பென்சிலால் எழுதியிருந்த தொகை 38 இலட்சம். பாதியை அண்ணன் தருவார். மீதிக்கு மண்டூர்ப் பக்கத்து இரண்டரை ஏக்கர் வயலை ஈடு வைக்கலாம் என்றீர்கள்.

முதல் பத்து நிமிடம் நான் ஆறுதலாகத்தான் பேசினேன். "பார்க்கலாம், யோசிப்போம்" என்றேன். அது என் பிழை. நீங்கள் போன பிறகு அந்தத் தொகை கண்ணிலேயே நின்றது. ஆகவே இப்போது நேராக எழுதுகிறேன்: அந்தப் பட்டம் வேண்டாம். வயலில் கை வைக்க வேண்டாம். உங்கள் மகளுக்குப் பொருந்துவது, வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் சந்தேகமான காசைக் கவனிக்கும் இணக்க அதிகாரி வேலை; ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் மகள் வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்து, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வர்த்தக முகாமைத்துவ பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது, "பக்கத்து வளாகம்தானே" என்று குரலைத் தாழ்த்தினீர்கள். பஸ் ஏறி ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலே போனால் வரும் இடம் என்பதற்காக ஒரு பட்டத்தின் மதிப்புக் குறைந்துவிடுமா? கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லாத பட்டம் அது. குடும்ப வருமானத்தைப் பார்த்து மகாபொல உதவித்தொகையும் கிடைக்கலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு 38 இலட்சத்துக்கு வாங்கும் பட்டத்தின் கதையைக் கேளுங்கள். வெளிநாட்டுச் சட்டப் பட்டம் கையில் இருந்தாலும், இலங்கையில் சட்டத்தரணியாக வேண்டுமானால் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளையும் அதன் பிறகு பயிற்சிக் காலத்தையும் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்தச் செலவும் அந்த வருடங்களும் உங்கள் பென்சில் கணக்கில் இல்லை. "குடும்பத்தில் ஒரு சட்டத்தரணி" என்ற அண்ணனின் ஆசை எனக்கு விளங்குகிறது. ஆனால் ஆசை அவருடையது, கடன் உங்களுடையது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்முடைய பக்கத்தில் வளவும் வீடும் பெண்பிள்ளைக்குத்தான். அந்த வயல் நாளைக்கு அவளுக்குப் போக வேண்டியது. அவளுடைய சொத்தை ஈடு வைத்து, அவள் கேட்காத படிப்பை அவளுக்கு வாங்கிக் கொடுக்கிறீர்கள்.

அவள் கேட்கவில்லை என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? நீங்கள் இருவரும் தேநீர் குடிக்க வெளியே போன கால் மணித்தியாலத்தில் அவள்தான் சொன்னாள். உயர்தரப் பரீட்சை முடிந்த பிறகு ஆறு மாதம் ஒரு நிதிக் கம்பனிக் கிளையில் பயிலுநராக இருந்தாள் அல்லவா? அங்கே ஒரு கிழமையில் ஒரே ஆள் மூன்று நாள் வந்து, மூன்று வேறு பெயர்களில் உள்ள கணக்குகளில் ஒவ்வொரு முறையும் 9 இலட்சத்து 80 ஆயிரம் காசாகக் கட்டியிருக்கிறார். வைப்புச் சீட்டு மூன்றிலும் ஒரே கையெழுத்து, 'எட்டு' என்ற இலக்கத்தின் சுழிகூட ஒரே மாதிரி. அவள் மேலே இருந்தவரிடம் காட்டியபோது, "பிள்ளை, காசு கொண்டுவருகிற ஆளைக் கேள்வி கேட்கக் கூடாது" என்று சிரித்தாராம். "நான் கேட்டது பிழையா சேர்?" என்று என்னைக் கேட்டாள்.

பிழையே இல்லை. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு வழி சொல்கிறேன். சட்டத்தரணியாக வேண்டும், வைத்தியராக வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் வருவார்கள். மூன்று சீட்டின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிள்ளை எனக்கு இதுவரை வந்ததில்லை.

ஏன் 9 இலட்சத்து 80 ஆயிரம்? காரணம் இருக்கிறது. 10 இலட்சம் ரூபாயைத் தாண்டும் காசுக் கொடுக்கல்வாங்கலை வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்பதற்காகத் தொகையைத் துண்டு துண்டாக்கிப் போடுவது உலகம் முழுவதும் தெரிந்த பழைய தந்திரம். அந்த ஆள் அப்படித்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை சீட்டுப் பிடித்த காசாக இருக்கலாம், கூட்டு வியாபாரமாக இருக்கலாம். ஆனால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது. கேட்பதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது.

அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன். வங்கிக் காசாளர், ஆசிரியர், அபிவிருத்தி உத்தியோகத்தர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த பாதைகள். அவற்றில் நேரத்தைச் செலவழிக்க மாட்டேன்.

குற்றத்தில் வந்த காசுக்கு நல்ல காசு வேஷம் போடுவதைப் பணம் தூயதாக்கல் என்று சட்டம் அழைக்கிறது. போதைப்பொருள், இலஞ்சம், ஆட்கடத்தல் என்று எதில் வந்தாலும், அந்தக் காசு முதலில் ஒரு கணக்குக்குள் நுழைய வேண்டும். பிறகு பல கைகள் மாறி வந்த வழி மறைய வேண்டும். கடைசியில் காணியாகவோ கடையாகவோ வாகனமாகவோ வெளிச்சத்துக்கு வர வேண்டும். இலங்கை இதற்கெதிரான இரண்டு அடிப்படைச் சட்டங்களை 2006இல் கொண்டுவந்தது. ஒன்று பணம் தூயதாக்கலைக் குற்றமாக்கியது. 5 முதல் 20 வருடம் வரை சிறை, சொத்தின் பெறுமதிக்குக் குறையாத, அதன் மும்மடங்கு வரையான தண்டம். மற்றது நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடும் சட்டம். உங்கள் மகளின் சோறு இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. தன் கீழ் வரும் ஒவ்வொரு நிறுவனமும் ஓர் இணக்க அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வங்கிக்காரர்கள் 'கொம்ப்ளையன்ஸ்' என்பார்கள். முதலாளிக்கு விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கதிரை இருந்தே ஆக வேண்டும்.

சட்டம் வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2017இல் நிதியியல் நடவடிக்கைச் செயலணி என்ற, பணம் தூயதாக்கலைத் தடுக்கும் சர்வதேச அமைப்பு, தடுப்பில் குறைபாடுள்ள நாடுகளின் சாம்பல் பட்டியலில் இலங்கையைப் போட்டது. அடுத்த வருடம் ஐரோப்பிய ஒன்றியமும் தன் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் உள்ள நாட்டு வங்கி பணம் அனுப்பினால் மறுகரை வங்கி இரண்டு தடவை பார்க்கும். ஏற்றுமதிக்காரருக்குத் தாமதம், செலவு. 2019 ஒக்டோபரில் செயலணியின் பட்டியலிலிருந்து வெளியே வந்தோம். திரும்பவும் அதற்குள் விழக்கூடாது என்ற பயமும், பணம் தூயதாக்கலுக்கு எதிரான ஆசிய பசுபிக் குழுவின் அடுத்த மதிப்பீட்டுக்கு ஆயத்தமாகும் அவசரமும் சேர்ந்துதான் 2025 ஏப்ரலில் பாராளுமன்றம் குற்றச்செயல்களின் வரும்படிகள் பற்றிய புதிய சட்டத்தை நிறைவேற்றியது. குற்றவாளியாகத் தீர்ப்பு வருமுன்பே சொத்தை முடக்கவும், சில நிலைமைகளில் தீர்ப்பு இல்லாமலே பறிமுதல் செய்யவும் அது வழிவிடுகிறது. பறித்த சொத்தைப் பராமரிக்க ஓர் அதிகாரசபை, விசாரிக்கப் பொலிஸில் ஒரு பிரிவு என்று புதிய அமைப்புகளும் அதில் உண்டு. இவற்றுக்கெல்லாம் கணக்கு வாசிக்கத் தெரிந்த ஆட்கள் தேவை. வங்கிகள் மட்டுமல்ல; காப்புறுதி, பங்குத் தரகர், நாணயமாற்றுக்காரர், காணித் தரகர், நகை இரத்தினக்கல் வியாபாரி, சில வேலைகளுக்குச் சட்டத்தரணியும் கணக்காளரும்கூட இந்தச் சட்ட வலைக்குள்தான். அண்ணனுக்குச் சொல்லுங்கள்: காணி உறுதி எழுதும் நொத்தாரிசும் தன் கட்சிக்காரருடைய காசின் ஊற்றைக் கேட்க வேண்டிய காலம் இது.

வேலை எப்படி இருக்கும்? காலையில் கணினி ஒரு பட்டியலைத் தரும். வழக்கத்துக்கு மாறான கொடுக்கல்வாங்கல்கள். பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. ஒவ்வொன்றையும் திறந்து, இவர் யார், என்ன தொழில், இந்தக் காசு அந்தத் தொழிலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் உதாரணம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நெல் வியாபாரி ஒருவருடைய கணக்கில் பெப்ரவரியில் திடீரென்று இலட்சக்கணக்கில் காசு ஏறி இறங்குகிறது. கொழும்புத் தலைமையகத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது சிவப்பு விளக்கு. உங்கள் மகளுக்கு அது பெரும்போக அறுவடை. அதே கணக்கில் அதே தொகை நவம்பரில் வந்தால், வட்டையில் நெல் இப்போதுதான் முளைத்திருக்கிறது, இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று அவள் நிமிர்ந்து உட்காருவாள். குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் பாதைப் படகு ஏறி உங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோன பிள்ளை அது. இந்த அறிவை எந்தத் தனியார் நிறுவனமும் விற்பதில்லை.

கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் வங்கிக் கணக்கையும் அட்டையையும் யாருக்கோ கொடுத்துவிட்டு, பிறகு பொலிஸில் நிற்கும் நம் பொடியன்களின் கணக்குகளும் அந்தப் பட்டியலில் வரும். அந்தப் பொடியனின் தாயோடு தமிழில் பேசத் தெரிந்தவர் அந்தக் கதிரையில் இருப்பது நல்லது.

சந்தேகம் உறுதிப்பட்டால் அதிகபட்சம் இரண்டு வேலை நாட்களுக்குள் உளவறிதல் பிரிவுக்கு அறிக்கை போக வேண்டும். அந்த வாடிக்கையாளருக்கு மூச்சுக் காட்டக் கூடாது. காட்டினால் அதுவே குற்றம். அறிக்கை ஒரு பக்கம், இரண்டு பக்கம்தான். யார், எப்போது, எவ்வளவு, ஏன் சந்தேகம் என்று தெளிவாக எழுத வேண்டும். அநேகமாக ஆங்கிலத்தில். இங்கேதான் நான் உங்கள் மகளிடம் கறாராக இருக்கப் போகிறேன். அவளுடைய ஆங்கிலம் போதாது. வளாகம் தொடங்கும் வரை நாளுக்கு ஒரு பக்கம் எழுதி எனக்குக் காட்ட வேண்டும். சிங்களமும் பேச வேண்டும். பெரிய கதிரைகள் கொழும்பில்தான் இருக்கின்றன.

பாதை இப்படி. வந்தாறுமூலையில் பட்டம்; அதில் கணக்கியல், கணக்காய்வு, வணிகச் சட்டம் மூன்றிலும் கண்ணாக இருக்க வேண்டும். கூடவே ஏ.ஏ.ரி. என்ற கணக்கியல் பரீட்சைகளோ வங்கியாளர் நிறுவகத்தின் பரீட்சைகளோ, ஒன்று போதும். உளவறிதல் பிரிவின் சட்டங்களும் சுற்றறிக்கைகளும் அதன் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. விதிகளை மீறிய நிறுவனங்களுக்கு விதித்த தண்டங்களும் பெயரோடு அங்கே வருகின்றன. அவற்றை வாசித்தாலே பாதிப் பாடம். பணம் தூயதாக்கலைத் தடுக்கும் நிபுணர்களுக்கு 'காம்ஸ்' என்ற சர்வதேசச் சான்றிதழ் ஒன்று உண்டு, கட்டணம் டொலரில். அதை இப்போது கேட்டு யாரும் உங்களிடம் வந்தால் விரட்டிவிடுங்கள். வேலையில் சேர்ந்து சில வருடம் போன பிறகு, முடிந்தால் நிறுவனத்தின் செலவில் எடுக்கலாம்.

இனிப்பாக மட்டும் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். தொடக்கச் சம்பளம் கண்ணைப் பறிக்காது. முதல் நாளே அந்தப் பதவி கிடைக்காது. கிளையில் சாதாரண உத்தியோகத்தராகச் சில வருடம் இருந்துதான் உள்ளே போக வேண்டியிருக்கும். வியாபாரம் பிடிக்கும் முகாமையாளருக்கு இந்த ஆள் எப்போதும் முள். "காசு கொண்டுவருகிற ஆளைக் கேள்வி கேட்கக் கூடாது" என்ற சிரிப்பை அவள் இன்னும் பல தடவை கேட்பாள்.

கடைசியாக, போகும்போது வாசலில் நீங்கள் மெதுவாகச் சொன்ன விஷயம். அண்ணன் தன் பங்கை வங்கிக்கு வெளியே, உண்டியல் ஆட்கள் மூலம் அனுப்பிவிடுவார், வங்கியை விடக் கூட விலை கிடைக்கும் என்றீர்கள். ஊரில் வழக்கம்தான், 2022இல் டொலர் தட்டுப்பாட்டின்போது யார்தான் அந்தக் கூடுதல் விலையைப் பார்க்கவில்லை? ஆனால் யாரோ ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து வீட்டுப் படலையில் தரும் அந்தக் காசு எவருடையது என்று உங்களுக்குத் தெரியாது. போதைப்பொருள் விற்ற காசையும் லண்டனில் தாதிவேலை பார்த்த காசையும் மாற்றிக் கொடுப்பது ஒரே கைதான். இந்த வேலைக்குப் போகப் போகும் பிள்ளையின் படிப்புச் செலவு ஒரு ரூபாயாக இருந்தாலும் அப்படி வரக் கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

அண்ணன் உதவத்தான் வேண்டுமென்றால், ஒரு மடிக்கணினிக்கும் விடுதிச் செலவுக்கும் வேண்டியதை மகளின் பெயரிலுள்ள கணக்குக்கு வங்கி வழியாக அனுப்பட்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நானே அவரோடு பேசுகிறேன், இலக்கத்தை அனுப்பிவிடுங்கள். பல்கலைக்கழகப் பதிவுக் கடிதத்தில் திகதி போட்டிருக்கிறது, அதைத் தவறவிட வேண்டாம். வரும்போது அம்மா கோப்பைத் தானே திறந்து காட்டட்டும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் அதற்குள்தான் இருக்கிறது என்று மகள் சொன்னாள்.