ஸ்பர்ஜன் கல்லூரிக்குப் போகவில்லை. சரி, அப்புறம் என்ன செய்தார்?

கேள்வி: வேதாகமக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இதற்குள் பல இடங்களிலிருந்து கூட்டங்களில் பேச அழைப்பு வருகிறது. ‘பிரசங்கிகளின் இளவரசன்’ என்று பெயர்பெற்ற பாப்டிஸ்ட் போதகர் சார்லஸ் ஸ்பர்ஜன் எந்த இறையியல் கல்லூரிக்கும் போனதில்லை. ஆவியானவர் போதிக்கும்போது புத்தகங்கள் எதற்கு? படிப்பை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்தில் இறங்க நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

– ஒரு வாசகர்

பதில்: தம்பி, விடாதீர்கள். மற்ற காரணங்கள் இருக்கட்டும், ஸ்பர்ஜனைச் சாட்சிக்கு அழைத்தீர்களே, அவரே உங்களுக்கு எதிராகத்தான் பேசுகிறார்.

அவர் கல்லூரிக்குப் போகவில்லை என்பது உண்மை. நடந்தது இதுதான். 1852-இல் அவருக்கு வயது 17. கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வாட்டர்பீச் என்ற கிராமத்துச் சபைக்கு அப்போதே போதகர். மகன் ஸ்டெப்னி என்ற பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியில் சேர வேண்டும் என்பது தகப்பனாரின் விருப்பம். அந்தக் கல்லூரியின் தலைவர் ஜோசப் ஆங்கஸ் கேம்பிரிட்ஜுக்கு வந்தபோது, ஒரு பதிப்பாளர் வீட்டில் இருவரும் சந்திக்க ஏற்பாடாயிற்று. வேலைக்காரப் பெண் ஸ்பர்ஜனை ஓர் அறையில் உட்காரவைத்தாள். ஆங்கஸ் வந்ததும் அவரை வேறொரு அறையில் உட்காரவைத்தாள். ஒருவர் வந்திருப்பதை மற்றவரிடம் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் காத்திருந்து ஸ்பர்ஜன் மணியை அடித்து விசாரித்தபோது, ஆங்கஸ் லண்டனுக்குப் புறப்பட்டுப் போய்விட்டிருந்தார்.

அன்று பிற்பகல் மிட்சம்மர் காமன் என்ற திறந்த புல்வெளியைக் கடந்து நடந்துபோகும்போது ஒரு வசனம் உரத்த குரலாகவே அவர் காதில் விழுந்தது: “நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே” (எரேமியா 45:5). அந்த இடத்திலேயே கல்லூரி ஆசையை விட்டார்.

இந்தக் கதையைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த வசனம் அவரிடம் எதைக் கேட்டது என்று பாருங்கள். அன்றைக்குக் கல்லூரிதான் அவருக்குப் ‘பெரிய காரியம்’. அதில் மதிப்பு இருந்தது, முன்னேற்றம் இருந்தது. அதை விட்டு அவர் திரும்பிப் போனது, ஏழைகள் கூடிய ஒரு கிராமத்துச் சபைக்கு. உங்கள் கடிதத்தில் பெரிய காரியமாகத் தெரிவது மேடை. ஆரவாரமில்லாமல் நடப்பது படிப்பு. அதே வசனத்தை உங்களுக்கு வாசித்தால் எதை விடச் சொல்லும்? கொஞ்சம் கடுமையாகக் கேட்கிறேன் என்று தெரியும். ஆனாலும் யோசியுங்கள்.

அடுத்து, கல்லூரிக்குப் போகாதவர் படிக்காதவர் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? குழந்தைப் பருவத்தின் சில ஆண்டுகள் ஸ்டாம்போர்னில் தாத்தா வீட்டில் வளர்ந்தவர் அவர். தாத்தாவும் போதகர். இங்கிலாந்தில் அப்போது ஜன்னல்களுக்கு வரி உண்டு. அந்த வரிக்காக ஜன்னலை அடைத்துவிட்ட ஓர் இருட்டறையில் பியூரிட்டன் என்ற பழைய ஆங்கிலேயச் சீர்திருத்தப் போதகர்களின் தடித்த புத்தகங்கள் கிடந்தன. சிறுவன் அவற்றை வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து படித்தான். நியூமார்க்கெட் பள்ளியில் உதவி ஆசிரியராக இருந்தபோது மேரி கிங் என்ற சமையல்கார அம்மாவோடு உட்கார்ந்து கிருபையைப் பற்றியும் தேவன் தம் மக்களைத் தெரிந்தெடுப்பதைப் பற்றியும் பேசிப் பேசிக் கற்றார். இந்தக் காலத்து இறையியல் பண்டிதர்கள் ஆறு பேரிடம் கற்றிருக்கக்கூடியதைவிட அவரிடம் அதிகம் கற்றேன் என்று பிற்பாடு நன்றியோடு எழுதினார். கடைசியில் அவர் வீட்டு நூலகத்தில் சுமார் 12,000 புத்தகங்கள் இருந்தன. ஞாயிறு காலைப் பிரசங்கத்தைச் சனிக்கிழமை மாலையில்தான் தயாரிப்பார் என்பதும் உண்மை. வாரம் முழுக்க வாசித்துச் சேர்த்தவருக்கு ஒரு மாலை போதும். வெறும் பாத்திரத்தை எத்தனை மணி நேரம் சாய்த்தாலும் என்ன வரும்?

ஆவியானவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தங்களுக்கு ஆவியானவர் வெளிப்படுத்தியதைப் பற்றி அவ்வளவு பேசுகிறவர்கள், அவர் மற்றவர்களுக்கு வெளிப்படுத்தியதை ஏன் இவ்வளவு அற்பமாக நினைக்கிறார்கள் என்று ஸ்பர்ஜனே தம் மாணவர்களிடம் வியந்திருக்கிறார். 1863-இல் ஒரு பிரசங்கத்தில் 2 தீமோத்தேயு 4:13-ஐ எடுத்துக்கொண்டார். பவுல் சிறையிலிருக்கிறார், மரணம் அருகில் இருக்கிறது. மேலங்கியையும் “புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும்” எடுத்துக்கொண்டு வா என்கிறார். ஆவியால் ஏவப்பட்டவர், கர்த்தரைக் கண்டவர், மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்டவர், அவருக்கே புத்தகம் வேண்டியிருக்கிறதே என்று ஸ்பர்ஜன் அடுக்கிக்கொண்டே போகிறார்.

உங்கள் கட்சிக்கும் ஒரு சாட்சி உண்டு, அதையும் மறைக்க மாட்டேன். 1850 ஜனவரியில், பனிப்புயல் வீசிய ஒரு ஞாயிறன்று, கோல்செஸ்டரில் ஒரு சிறிய மெத்தடிஸ்ட் ஆலயத்துக்குள் 15 வயது ஸ்பர்ஜன் ஒதுங்கினார். வழக்கமான போதகர் வரவில்லை. பிரசங்க பீடத்தில் ஏறியவர் அதிகம் படிக்காத எளிய மனிதர். “என்னை நோக்கிப்பாருங்கள், அப்பொழுது இரட்சிக்கப்படுவீர்கள்” (ஏசாயா 45:22) என்ற வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பையன் நோக்கிப் பார்த்தான். தேவன் படிக்காதவரைக் கொண்டும் இதைச் செய்வார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மனிதர் மேடைக்காகப் படிப்பை உதறிவிட்டு வந்தவரல்ல. ஆள் இல்லாத நாளில் எழுந்து நின்று, தனக்குத் தெரிந்ததைச் சொன்னவர்.

இப்போது, கல்லூரிக்குப் போகாத ஸ்பர்ஜன் மற்ற இளைஞர்களுக்கு என்ன செய்தார் என்று பார்ப்போம். 1854-இல், 19 வயதில், லண்டன் நியூ பார்க் தெருச் சபைக்கு வந்தார். அங்கே மனந்திரும்பியவர்களில் ஒருவர் மெட்ஹர்ஸ்ட், கயிறு திரிக்கும் தொழிலாளி. தெருவில் நின்று பிரசங்கித்தார். இலக்கணப் பிழை மலிந்த இவர் பேச்சு நம் சபைக்கு அவமானம் என்று சிலர் புகார் சொன்னார்கள். ஸ்பர்ஜன் கூப்பிட்டு விசாரித்தார். பிரசங்கிக்காமல் இருக்க முடியாது ஐயா, என் தலையை வெட்டினால்தான் நிறுத்துவேன் என்றார் மெட்ஹர்ஸ்ட். அந்த அழைப்பை ஸ்பர்ஜன் சந்தேகிக்கவில்லை. நிறுத்து என்றும் சொல்லவில்லை. அழைப்பு இருக்கிறது, அது போதும், போய்ப் பேசு என்று விட்டுவிடவும் இல்லை. தம் கையிலிருந்து பணம் கட்டி அவரைப் படிக்க அனுப்பினார்.

அந்த ஒரு மாணவரிலிருந்துதான் அவருடைய போதகர் கல்லூரி வளர்ந்தது. பிரசங்கப் புத்தகங்கள் விற்ற பணத்தை அதில் கொட்டினார். ஏற்கெனவே பிரசங்கித்துப் பழகியவர்களைத்தான் சேர்த்தார். கல்லூரி யாரையும் ஊழியனாக்காது, ஊழியனைக் கூர்மையாக்கும் என்பது அவர் எண்ணம். அப்படி வந்தவர்களுக்கு இறையியலோடு ஆங்கிலம், கணிதம், கிரேக்கு, எபிரெயு எல்லாம் கற்பித்தார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் அவரே வந்து பேசுவார். அவர் காலமான 1892-க்குள் சுமார் 900 பேர் அங்கே பயின்றிருந்தார்கள்.

ஆகவே, தம்பி, பேசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. விடுமுறையில் போங்கள். பேச ஆள் கிடைக்காத சிறிய சபையாகப் பார்த்துப் போங்கள். பெரிய கூட்டங்களின் அழைப்புகளுக்கு, படிப்பு முடிந்ததும் வருகிறேன் என்று பதில் எழுதிவிட்டு வகுப்புக்குத் திரும்புங்கள். கட்டணம்தான் உண்மையான நெருக்கடி என்றால் அதை ஒளிக்காமல் எனக்கு எழுதுங்கள், என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.